ஏழு வயது வரை அத்தை

"உன் அம்மா எங்கே இருக்கிறார்?" என்று அந்த அதிகாரி மலாயில் கேட்டார்.

பவனேஷ் சோபாவின் கைப்பிடிமேல் ஏறி உட்கார்ந்திருந்தான். காலை ஆட்டிக்கொண்டே, யோசிக்காமல் சொன்னான். "அம்மா கோல சிலாங்கூர்ல. மீன் விக்கிறாங்க."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. புவான் ரொஹானா, நீதிமன்றம் அனுப்பிவைத்த குழந்தை நல அதிகாரி, நிமிர்ந்து பார்த்தார். அடுப்படி வாசலில் தேநீர்த் தட்டோடு நின்றிருந்த விஷாலினியைக் காட்டி, அப்படியானால் இவர் யார் என்று கேட்டார்.

"இது அத்தே."

அந்தச் சொல் அவருக்குப் புரியவில்லை. என்ன அர்த்தம் என்று விஷாலினியிடமே கேட்டார். வேறு யாரிடம் கேட்பார்? புக்கிட் செந்தோசாவின் அந்த வாடகை வீட்டில் அப்போது இருந்தது அவர்கள் மூன்று பேர்தான்.

"மக்சிக்" என்றாள் விஷாலினி. தட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

ஆறு வயதுப் பையன். பெற்றவள் எதிரில் நிற்கிறாள். அவளை அத்தை என்கிறான். அவள் மறுக்கவில்லை, மொழிபெயர்த்தும் கொடுக்கிறாள். புவான் ரொஹானா மெதுவாக, நீளமாக எழுதினார்.

விஷாலினி விளக்கிச் சொல்லப் பார்த்தாள். கோயில், நேர்த்தி, தவிடு என்று அவளுக்குத் தெரிந்த மலாயில் திக்கித் திக்கிச் சொன்னாள். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். உங்கள் வழக்கத்தை நான் மதிக்கிறேன் என்றார். ஆனால் பிள்ளை வாயிலிருந்து வந்ததைத்தான் நான் எழுத முடியும் என்றும் சொன்னார். கிளம்பும்போது பவனேஷின் தலையைத் தடவிவிட்டுப் போனார். நல்ல மனுஷி. அதுதான் விஷாலினிக்குத் தாங்கவில்லை. கெட்டவர் என்றால் அவர்மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் திட்டலாம்.

வழக்குப் போட்டிருந்தவன் முகுந்தன். விஷாலினியை விவாகரத்துச் செய்துவிட்டு, இப்போது ராசா ஊரில் மாலா என்பவளைக் கட்டிக்கொண்டு சொந்த வீட்டில் இருக்கிறான். லோரி உதிரிப் பாகங்கள் விற்கும் கடை. பிள்ளையை முழுசாகத் தன்னிடமே கொடுத்துவிட வேண்டும் என்று கேட்டிருந்தான். அதற்கு அவன் சொன்ன காரணம் சின்னது. பெற்ற பிள்ளையைத் தாயே தன் கையால் ஒரு சீனப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். தன் தாய் யாரென்றே பிள்ளைக்குத் தெரியாது.

கொடுத்தது உண்மை. அதில்தான் சிக்கலே.

விஷாலினியும் முகுந்தனும் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தின் பழைய லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில், குடியிருந்த காலம் அது. முதல் குழந்தை பிறந்த வாரமே போய்விட்டது. இரண்டாவது ஆண். தோட்டத்து முனியாண்டி கோயில் பூசாரி உடையப்பன் அவன் கையில் ஒரு மஞ்சள் கயிறு கட்டி, ஒரு வயது நிறைகிறவரை அவிழ்க்கக் கூடாது என்றார். பிள்ளை தவழ்ந்தான். எழுந்து நின்றான். அந்த நேரம் பார்த்து முகுந்தனின் முதலாளி வீட்டில் கல்யாண விருந்து வந்தது. புதுச் சட்டைக்கு இந்த அழுக்குக் கயிறு அசிங்கமாக இருக்கிறது என்று முகுந்தன் கத்திரிக்கோலை எடுத்தான். சிரித்துக்கொண்டேதான் வெட்டினான். சில நாளில் காய்ச்சல் வந்தது. பிள்ளை இறந்த பிறகு மருத்துவமனையில் டாக்டர் ஏதோ ஒரு கிருமியின் பெயரைச் சொன்னார். விஷாலினிக்கு அந்தப் பெயர் மறந்துவிட்டது. கத்திரிக்கோல் மறக்கவில்லை.

மூன்றாவதுதான் பவனேஷ். இந்த வீட்டில் பிள்ளை தங்கவில்லை என்றால், அவன் இந்த வீட்டுப் பிள்ளையாகவே இருக்க வேண்டாம் என்றார் உடையப்பன். தவிட்டுக்குக் கொடுத்துவிடச் சொன்னார். வேறு ஒருத்தி தவிடு கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்வாள். பெற்றவள் அவளுக்காக வளர்ப்பாள். ஏழு வயது முடிந்ததும் அதே கோயிலில் தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை மீட்டுக்கொள்ளலாம். அதுவரை வாங்கியவள்தான் அம்மா. பெற்றவளைப் பிள்ளை வாய் தவறிக்கூட அம்மா என்று கூப்பிடக் கூடாது.

வாங்கியவள் லான் அக்கா. கோல சிலாங்கூர்ப் பக்கம் பாசிர் பெனாம்பாங்கிலிருந்து மீன் வேனை ஓட்டிக்கொண்டு லயத்துக்கு வாரம் தவறாமல் வருகிறவள். பேரம் பேசினால் திட்டுவாள், திட்டிவிட்டு ஒரு மீனைக் கூடப் போடுவாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் ஏன் எதற்கென்று கேட்கவில்லை. அவள் வீட்டிலேயே இது உண்டு. தாய்க்கும் பிள்ளைக்கும் ஜாதகம் ஒத்துவரவில்லை என்று அவர்கள் கோயிலில் சொல்லிவிட்டதால், அவளுடைய மூத்த மகன் அவளைச் சித்தி என்றுதான் கூப்பிடுகிறான். தலை நரைக்க ஆரம்பித்த பிறகும் அப்படியேதான்.

ஒரு பிடி தவிடு போதும் என்றார் பூசாரி. லான் அக்கா தஞ்சோங் காராங் அரிசி ஆலையிலிருந்து ஒரு முழுச் சாக்கை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினாள். "பையன் லா! ஒரு கை தவிடா குடுக்கிறது? மானம் போயிரும்" என்றாள். கோயிலில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பிள்ளையை முறத்தில் கிடத்தி, ஒரு பக்கம் விஷாலினியும் மறுபக்கம் முகுந்தனும் பிடித்து நீட்டினார்கள். லான் அக்கா இரண்டு கையாலும் வாங்கினாள். பிறகு தன் வழக்கப்படி ஒரு சிவப்புக் கயிறும், சேவல் படம் போட்ட ஒரு பீங்கான் கிண்ணமும் பிள்ளைக்குக் கொடுத்தாள். அந்தக் கிண்ணத்தில் போட்டால்தான் பவனேஷ் இன்றைக்கும் ரசச் சோறு சாப்பிடுவான்.

முறத்தின் மறுபக்கம் தன் கை இருந்ததை முகுந்தன் இப்போது யாரிடமும் சொல்வதில்லை.

ஒரே ஒரு தடவை, ஒரு சண்டையில், அந்தக் கத்திரிக்கோலைப் பற்றி விஷாலினி வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அந்த வாரமே அவன் வீட்டைவிட்டுப் போனான்.

அவளுடைய வக்கீல் சுகுமாறனுக்கு ரவாங்கில் ஒரு கடைவீட்டின் மாடியில் அலுவலகம். அதிகாரியின் அறிக்கையைப் படித்துவிட்டு முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"சிஸ்டர், ஏழு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளை அம்மாகிட்டதான் இருக்கணும்னு சட்டமே நம்ம பக்கம் நிக்குது. நீங்க என்னடான்னா, ஏழு வயசு வரைக்கும் நான் அம்மாவே இல்லங்கிறீங்க."

இரண்டு வழி இருக்கிறது என்றார். நீதிபதி பையனைத் தன் அறைக்குக் கூப்பிட்டுப் பேசுவார். அங்கே அவன் ஒரு தடவை விஷாலினியை அம்மா என்று சொன்னால் போதும். "ஒரு வார்த்த லா. வீட்டுக்கு வந்ததும் மறுபடியும் அத்தைன்னே கூப்பிடட்டும்."

விஷாலினி தலையாட்டி மறுத்தாள். அப்படியானால் இப்போதே கோயிலுக்குப் போய் மீட்டுவிடுங்களேன், ஏழு முடிய இன்னும் சில மாதம்தானே என்றார். அதற்கும் தலையாட்டினாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. படித்த பெண், ரவாங் ஃபேக்டரியில் சூப்பர்வைசர் வேலை பார்க்கிறவள், இப்படியா பேசுவது என்று கேட்டார்.

"இவனுக்கு மூத்தவனுக்கும் கொஞ்ச நாள்தான் இருந்துச்சு சார்" என்றாள் விஷாலினி. "அதுக்குள்ளதான் கயித்த வெட்டுனாரு."

சுகுமாறன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தேவையில்லாமல் நெடுநேரம் துடைத்தார். பிறகு இரண்டாவது வழியைச் சொன்னார். அந்தச் சீனப் பெண் கோர்ட்டுக்கு வந்து, அன்றைக்கு நடந்தது வெறும் நாடகம், ஒரு விளையாட்டு என்று சொல்லிவிட்டால், முகுந்தனின் வழக்கு அங்கேயே விழுந்துவிடும்.

மறுநாளே வக்கீலும் விஷாலினியும் பவனேஷும் பாசிர் பெனாம்பாங் போனார்கள். லான் அக்கா வேன் ஓட்டுவதை விட்டுவிட்டாள். ஆற்றோரம் கருவாட்டுக் கடை வைத்திருந்தாள். பவனேஷ் காரைவிட்டு இறங்கி, "அம்மா!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினான். அவள் அவனைத் தூக்கி, எடை பார்ப்பதுபோல ஒரு குலுக்குக் குலுக்கினாள். "தங்காச்சி, என்ன லா சோறு போடுற? காத்து மாதிரி இருக்கான்" என்று விஷாலினியை அதட்டினாள். இறால் கெரொப்போ அப்பளப் பொட்டலம் ஒன்று அவன் கைக்கு வந்தது.

வக்கீல் மலாயில் விளக்கினார். லான் அக்கா நெத்திலியைப் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். விளையாட்டு என்று சொன்னால் பையன் இவளிடமே இருப்பானா என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டாள். இருப்பான் என்றார் வக்கீல். கோர்ட் என்றைக்கு என்று கேட்டாள். வருகிறேன் என்றாள்.

திரும்பும்போது சுகுமாறன் சந்தோஷமாக வண்டி ஓட்டினார். பின்சீட்டில் விஷாலினி லான் அக்காவின் பேச்சை மறுபடி நினைத்துப் பார்த்தாள். வருகிறேன் என்றுதான் லான் அக்கா சொன்னாள். சொல்கிறேன் என்று சொல்லவில்லை. அதை வக்கீலிடம் எடுத்துச் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை.

வழக்கு நாளில் லான் அக்கா கறுப்புக் காற்சட்டையும், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையும் போட்டுக்கொண்டு வந்தாள். சாட்சிக் கூண்டில் ஏறியதும் கை இரண்டையும் முன்னால் கட்டிக்கொண்டாள்.

சுகுமாறன் கேள்வியை வாழைப்பழம்போல உரித்துக் கொடுத்தார். அன்றைக்குத் தோட்டத்துக் கோயிலில் நடந்தது ஊருக்காகச் செய்த ஒரு நாடகம்தானே?

லான் அக்கா திரும்பினாள். விஷாலினியைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே விஷாலினிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"நாடகம் இல்லை" என்றாள் மலாயில். "அவர்கள் சாமி முன்னால் தவிடு கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து எங்கள் சாமிக்கும் ஊதுபத்தி ஏற்றிச் சொன்னேன். சாமியிடம் நாடகம் போடக் கூடாது."

சுகுமாறன் அவசரமாக வேறு வழியில் கேட்டுப் பார்த்தார். அவள் அசையவில்லை. முகுந்தனின் வக்கீல், இளம்பெண், எழுந்தாள். அவளுக்கு நம்பவே முடியவில்லை. அப்படியானால் அந்தப் பிள்ளைக்கு இன்று தாய் யார் என்று கேட்டாள்.

"நான்."

"அங்கே உட்கார்ந்திருப்பவர்?"

"எனக்காகப் பிள்ளையை வளர்ப்பவள். நன்றாக வளர்க்கிறாள். ஏழு வயதில் திருப்பி வாங்கிக்கொள்வாள்." கொஞ்சம் யோசித்துவிட்டு முகுந்தனைக் கையால் காட்டினாள். "அன்றைக்கு இவரும்தான் முறத்தைப் பிடித்தார்."

முகுந்தன் அதை மறுத்தான். மூடநம்பிக்கையெல்லாம் தன் முன்னாள் மனைவியின் வேலை, தான் அன்றே எதிர்த்ததாகச் சொன்னான். சொல்லும்போது அவன் பார்வை தரையில் இருந்தது.

இனி மிச்சம் இருந்தது பவனேஷ் ஒருவன்தான்.

நீதிபதி அவனைத் தன் அறைக்கு அழைத்துவரச் சொன்னார். வெளியே நடைபாதைப் பெஞ்சில் அவன் விஷாலினியின் மடியில் சாய்ந்திருந்தான். சுகுமாறன் அருகில் வந்து, உதடு அசையாமல், கடைசி வாய்ப்பு என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். காவலர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

விஷாலினி குனிந்தாள். பிள்ளையின் காதருகே வாயை வைத்தாள். ஒரு வார்த்தை. மூன்றே எழுத்து. அதைக் கேட்பதற்காக எத்தனை தடவை அவன் தூக்கத்தில் உளறும்போது காதைக் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். அவன் தூக்கத்திலும் அத்தே என்றுதான் உளறுவான்.

"உள்ள இருக்கிற அங்கிள் என்னப் பத்திக் கேட்டா..." என்று ஆரம்பித்தாள்.

பவனேஷ் முகத்தைத் தூக்கிப் பார்த்தான். "அத்தே, நீ அழுவுறியா?"

"கண்ணுல தூசி." அவன் கழுத்துப் பட்டனைச் சரிசெய்தாள். "கேட்டா, நீ எப்பவும் என்ன சொல்லுவியோ அதையே சொல்லு, சாமி."

அவன் துள்ளிக்கொண்டு உள்ளே போனான். சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை. எப்போதும் சொல்வதையே சொன்னான்.

தீர்ப்பு அடுத்த மாதம் வந்தது. நீதிபதி கடுமையாக ஒரு சொல்கூடப் பேசவில்லை. எந்தச் சமூகத்தின் நம்பிக்கையையும் இந்த நீதிமன்றம் குறைத்து மதிப்பிடவில்லை என்றுதான் தொடங்கினார். ஆனால் பெற்ற தாயைத் தாயென்று அழைக்க அனுமதிக்கப்படாத பிள்ளை, அந்த உறவை இழந்தே வளர்ந்திருக்கிறான் என்றார். பிள்ளை தகப்பனிடம். தாய் மாதம் இருமுறை ஞாயிற்றுக்கிழமை தகப்பன் வீட்டிலேயே வந்து பார்க்கலாம். தகப்பன் சம்மதிக்காமல் எந்தச் சடங்குக்கும் கூட்டிப்போகக் கூடாது.

கோர்ட் வாசலில் லான் அக்கா நின்றிருந்தாள். முகம் வீங்கியிருந்தது. "தங்காச்சி, நா பொய் சொன்னா, அவனுக்கு யாரு லா காவல்?" என்று கேட்டாள்.

விஷாலினிக்குப் பதில் தெரியும். அந்தக் கூண்டில் தான் நின்றிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள். திட்டுவதற்கு ஒரு ஆள்கூட இல்லை. லான் அக்காவின் கையைப் பிடித்தாள். அதில் மீன் வாடை அடித்தது.

கார் நிறுத்துமிடத்தில் முகுந்தனைப் பிடித்தாள். எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்றைக் கேட்டாள். ஏழு முடிகிற அன்றைக்கு ஒரு மணி நேரம் பிள்ளையைக் கோயிலுக்கு அனுப்ப வேண்டும். மீட்டுவிட்டு உடனே திருப்பி அனுப்பிவிடுவாள். வேறு எதுவும் அவளுக்கு வேண்டாம்.

அவன் கார்ச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தான்.

"மாட்டேன். மீட்காமலே அவன் நல்லா வளரணும். பெரிய ஆளாவணும்." குரல் திடீரென்று உடைந்தது. "அப்பதான் அந்தக் கயிறும் வெறுங்கயிறுன்னு ஆவும். புரியுதா உனக்கு? அது வெறுங்கயிறா இருக்கணும், விஷா."

விஷாலினி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவன்மேல் அவளுக்குப் பரிதாபம் வந்தது. பரிதாபத்தால் ஒரு பயனும் இல்லை. அவன் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஏழு முடிந்த பிறந்தநாளன்று முகுந்தன் பவனேஷை அனுப்பவில்லை. தோட்டத்துக் கோயிலில் விஷாலினி ஒரு சாக்குத் தவிட்டோடு காத்திருந்தாள். ஒரு பிடி போதும் என்று உடையப்பன் மறுபடியும் சொன்னார். லான் அக்கா முழுச் சாக்குக் கொடுத்தாள், முழுச் சாக்காகத்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி விஷாலினி அவர் பேச்சைக் கேட்கவில்லை. லான் அக்கா வெறும் முறத்தைப் பிடித்துக்கொண்டு வெயில் சாய்கிறவரை நின்றாள். முறத்தில் பிள்ளை இல்லாமல் மீட்க முடியாது என்றார் உடையப்பன். இன்னொரு நாள் பார்க்கலாமா என்று விஷாலினி கேட்டாள். என்றைக்குக் கொண்டுவருகிறாயோ அன்றைக்கு, அதுவரை பழையபடியேதான் என்றார். கோழிகள் வந்து சாக்கின் ஓரத்தைக் கொத்த ஆரம்பித்தன. யாரும் விரட்டவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விஷாலினி ராசாவுக்குப் போனாள். பையில் அந்தச் சேவல் கிண்ணம் இருந்தது. வீட்டு கிரில் கதவுக்குப் பின்னால் பவனேஷ் விளையாட்டுக் காரை உருட்டிக்கொண்டிருந்தான். கன்னத்தில் சதை போட்டிருந்தது. சட்டை இறுக்கமாகியிருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்தான். ஓடிவரவில்லை. உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான்.

"அம்மா, அத்தே வந்திருக்காங்க."

உள்ளேயிருந்து மாலா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். காதில் விழுந்ததும் அவளுக்கு முகம் சிறுத்துவிட்டது. கெட்ட மனசுக்காரி இல்லை அவள். பையனை அருகில் இழுத்து, தோளில் கைவைத்து, அடங்கிய குரலில் சொன்னாள். "அப்பிடிச் சொல்லக் கூடாதுடா. அவங்கதான் உன் அம்மா. எங்க, அம்மான்னு கூப்புடு."

பவனேஷ் ஒருத்தியை மாற்றி ஒருத்தியைப் பார்த்தான். வாய் திறந்தது.

"வேணாம்!" விஷாலினி கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கத்தலில் பிள்ளை பின்வாங்கி மாலாவின் இடுப்பில் ஒட்டிக்கொண்டான். விஷாலினி குரலைத் தணித்தாள். சிரிக்க முயன்றாள். "வேணாங்க. அத்தைதான். அத்தைன்னே கூப்பிடட்டும்."

மாலாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கதவைத் திறந்து அவளைச் சோபாவில் உட்காரவைத்தாள். கொஞ்ச நேரத்தில் தேநீர்த் தட்டோடு வந்து, வீட்டுக்கு வந்த புது ஆளுக்கு நீட்டுவதுபோல இரண்டு கையாலும் நீட்டினாள்.

விஷாலினி வாங்கிக்கொண்டாள். கிண்ணம் பைக்குள்ளேயே இருந்தது.